பெட்டியோடு போன லேபல்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். தோட்டத்தில் இருக்கும் பெற்றோர், டவுனில் எலக்ட்ரிக் கடை வைத்திருப்பவர்கள், பல்ப் ரிப்பேர் செய்யும் தம்பிமார், பழைய இரும்பு எடுக்கும் அண்ணன்மார் எல்லாருக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது.

சென்ற தவணையில் தரம் 9 பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். "வீட்டில இருக்கிற ஏதாவது ஒரு மின்சாரப் பொருளோட லேபல், இல்லாட்டி பெட்டி, கொண்டு வாங்க. அதுல என்ன எழுதியிருக்குன்னு சேர்ந்து வாசிப்போம்" என்றேன். விஞ்ஞானப் பாடத்தில் உலோகங்கள் பற்றிப் படித்துக்கொண்டிருந்த நேரம் அது. புத்தகத்தில் உள்ளதை வீட்டுப் பொருளில் காட்டலாம் என்பதுதான் எண்ணம்.

மறுநாள் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் வெறுங்கையோடு வந்தார்கள். சோம்பலில் இல்லை. தேடியிருக்கிறார்கள், கிடைக்கவில்லை. ரைஸ் குக்கர் பெட்டி அடுப்புப் பற்றவைக்கப் போய்விட்டது. பல்பை எரிகிறதா என்று கடையில் மாட்டிப் பார்த்து, பல்பை மட்டும் கையில் கொடுத்திருக்கிறார்கள். பெட்டி கடையிலேயே நின்றுவிட்டது. வயர் மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கியது, அதற்கு லேபலே கிடையாது. ஒரு வீட்டு டிவி, கொழும்பில் வேலை செய்யும் மாமாவுக்கு முதலாளி வீட்டில் வேண்டாம் என்று கொடுத்தது. அந்த டிவியின் பெட்டியை மாமாவே பார்த்ததில்லை.

கொண்டு வந்தவர்களின் பெட்டிகளை மேசையில் பரப்பினோம். ஒன்று முழுக்கச் சீன மொழி. பெரும்பாலானவை ஆங்கிலம். ஒன்றில் சிங்களம் இருந்தது. தமிழில் ஒன்றுகூட இல்லை. 1987 இல் அரசியலமைப்புக்கு 13 ஆவது திருத்தம் வந்ததிலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. அந்தச் சட்டம் இன்னும் அந்த மேசைக்கு வந்து சேரவில்லை.

அந்தக் குவியலில் ஒரு பெட்டி எல்லாருடைய கண்ணையும் இழுத்தது. தீபாவளிக்கும் கிறிஸ்மஸுக்கும் மீலாதுக்கும் கட்டுவோமே, அந்தச் சீரியல் பல்ப் சரத்தின் பெட்டி. அமெரிக்கச் சந்தைக்குச் செய்யப்பட்ட சரக்கு எப்படியோ நம்ம ஊர்க் கடைக்கு வந்திருக்கிறது. பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை. இந்தப் பொருளில் ஈயம் உள்ளது, அது புற்றுநோயையும் பிறவிக் குறைபாட்டையும் உண்டாக்கும் என்று கலிபோர்னியா மாநிலத்துக்குத் தெரிந்த பொருள், தொட்ட பிறகு கையைக் கழுவுங்கள் என்பது அதன் சாரம்.

நான் தமிழில் சொன்னதும் வகுப்பு அமைதியானது. பிறகு ஒரு பிள்ளை கேட்டாள். "சேர், அந்த ஊருக்குத் தெரிஞ்சது எங்க நாட்டுக்குத் தெரியாதா?"

அந்தக் கேள்விக்கு ஒரு பாடவேளையில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஈயத்துக்கு மின்சாரப் பொருளில் என்ன வேலை?

வயரின் மேலே உள்ள பிளாஸ்டிக் உறை பி.வி.சி. எனப்படும். அது சூட்டிலும் வெயிலிலும் சீக்கிரம் வெடித்து உதிரும். அப்படி உதிராமல் இருக்க, செய்யும்போதே ஈயச் சேர்மங்களைக் கலந்தார்கள். விலை குறைவு, நன்றாக உழைக்கும். இன்றைக்கு ஈயம் இல்லாமலும் செய்யலாம். ஆனால் பழைய வயர்களிலும், மலிவு வயர்களிலும், சரம் பல்புகளிலும் ஈயம் இருக்க இடம் உண்டு. அடுத்தது, ரேடியோ, போன், எல்.ஈ.டி. பல்ப் ரிப்பேர் செய்யும்போது உருக்கி ஒட்டுகிறோமே, அந்தச் சோல்டர் கம்பி. அந்தச் சுருளில் 60/40 என்று எழுதியிருந்தால் நூற்றுக்கு 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம். 63/37 என்றால் 37 பங்கு ஈயம். மூன்றாவது, பின்பக்கம் பெருத்த பழைய டிவி. படக்குழாயிலிருந்து வரும் எக்ஸ் கதிரைத் தடுப்பதற்காக அதன் கண்ணாடியில் ஈயத்தைச் சேர்த்தார்கள். ஒரு பெரிய டிவியில் அது ஒரு கிலோவையும் தாண்டும். கடைசியாக, வாகன பெற்றரி. அதன் நிறையில் பாதிக்கு மேல் ஈயம்தான்.

யாரும் பயந்துபோய் இன்றைக்கே வீட்டு வயரைக் கழற்ற வேண்டாம். சுவரில் ஓடும் வயர் அப்படியே இருக்கும்போது யாரையும் ஒன்றும் செய்யாது. டிவியின் ஈயம் கண்ணாடிக்குள் கட்டுப்பட்டுக் கிடக்கிறது. கையில் அடிக்கடி புழங்கும் பழைய வயர், வெடித்துப் பொடி உதிரும் வயர், தவழும் பிள்ளை எடுத்து வாயில் வைக்கும் வயர் ஆகியவைதான் வீட்டுக்குள் கவனிக்க வேண்டியவை. உண்மையான ஆபத்து அந்தப் பொருள் செத்த பிறகு வருகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது அந்த லேபல் கதைக்கு வருவோம்.

கலிபோர்னியாவில் 1986 நவம்பரில் மக்கள் வாக்களித்து ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். 65 ஆம் இலக்கப் பிரேரணை என்று அதற்குப் பெயர். ஒரு பட்டியலில் உள்ள இரசாயனங்களில் ஏதாவது ஒன்று பொருளில் இருந்து, வாங்குபவர் அதற்கு ஆளாகக்கூடும் என்றால், விற்பவர் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும். தவறினால் வழக்கு, தண்டம். விளைவு என்ன? பயந்துபோன கம்பனிகள் கண்ட கண்ட பொருளிலெல்லாம் அந்த வாசகத்தை ஒட்டத் தொடங்கின. எங்கு பார்த்தாலும் எச்சரிக்கை என்றால் யார் நின்று வாசிப்பார்கள்? எந்த இரசாயனம் என்று குறைந்தது ஒன்றின் பெயரையாவது எழுத வேண்டும் என்ற விதியே 2018 ஓகஸ்டில்தான் வந்தது. அதுவரை "ஏதோ ஒன்று இருக்கிறது" என்று மட்டும் சொன்னாலும் போதும்.

அப்படியானால் லேபல் வீணா? இல்லை. அந்த வாசகத்தைத் தங்கள் பெட்டியில் அச்சடிக்க விரும்பாத கம்பனிகள், ஈயத்தைக் குறைத்துப் பொருளையே மாற்றிச் செய்தன. லேபலை வாசித்து வாங்குபவர் திருந்தினாரோ இல்லையோ, லேபலுக்குப் பயந்து செய்பவர் திருந்தினார். டவுனில் கடை வைத்திருக்கும் ஒரு நண்பரிடம் இதைப் பற்றிப் பேசியபோது, "இப்பிடி எழுதி ஒட்டினா எவன் நானா வாங்குவான்?" என்று சிரித்தார். அந்தச் சட்டம் வேலை செய்வதும் அந்தப் பயத்தை வைத்துத்தான்.

ஐரோப்பா வேறு வழியில் போனது. எச்சரிக்கை எழுதிக்கொண்டிருக்காமல், மின்சார, மின்னணுப் பொருட்களில் ஈயத்துக்கு ஓர் எல்லை வைத்தது. 2006 ஜூலை 1 முதல், சில விதிவிலக்குகள் தவிர, எந்த ஒரு பாகத்திலும் நூற்றுக்கு 0.1 பங்குக்கு மேல் ஈயம் கூடாது. அதாவது ஒரு கிலோ வயர் உறையில் ஒரு கிராம். சில பொருட்களில் ஆர்.ஓ.எச்.எஸ். என்று நான்கு ஆங்கில எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். அது இந்தச் சட்டத்தைக் குறிக்கிறது. உள்ளபடியே அதற்கு இணங்கிச் செய்ததா, எழுத்தை மட்டும் அச்சடித்ததா என்பது வேறு விஷயம்.

சீனாவும் 2007 மார்ச்சில் ஒரு குறி கொண்டு வந்தது. அது உங்கள் வீட்டிலும் இருக்கலாம். சார்ஜரின் பின்பக்கம் பாருங்கள். இரண்டு அம்புகள் சுற்றிவரும் ஒரு வட்டம், நடுவில் 10 அல்லது 20 என்று ஓர் எண். எங்கள் மேசையில் இருந்த ஒரு சார்ஜரில் 10 என்று இருந்தது. "கடைக்காரர் பத்து வருஷ கேரண்டின்னு சொன்னாரு சேர்" என்றான் ஒரு பையன். அது கேரண்டி இல்லை. இதற்குள் எல்லை மீறிய நச்சுப் பொருள் இருக்கிறது, பத்து வருடம் வரை சாதாரணப் பாவனையில் அது வெளியே வராது என்பதுதான் அதன் பொருள். நச்சுப் பொருள் எல்லைக்குள் இருந்தால் எண்ணுக்குப் பதிலாக 'இ' என்ற ஆங்கில எழுத்து நடுவில் இருக்கும். எச்சரிக்கையாகப் போட்ட எண்ணை நாங்கள் பெருமையாக வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

மொழியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நாளைக்கே அரசாங்கம் எல்லாப் பெட்டியிலும் "ஈயம் அடங்கியது" என்று தமிழில் எழுதச் சொன்னாலும் நம்ம வீட்டுப் பெரியவர்களுக்கு என்ன விளங்கும்? ஈயம் என்று கேட்டதும் ஒரு பாட்டி, "ஈயச் சொம்புல ரசம் வச்சா என்னா ருசி" என்பார். அவர் சொல்வது வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசினார்களே, அதுவும் வெள்ளீயம். சிலர் அலுமினியச் சட்டியைக்கூட ஈயச் சட்டி என்பார்கள். நஞ்சாக இருப்பது காரீயம். பெயரின் வால் ஒன்று, தலை வேறு. பிள்ளைகளுக்கோ இன்னொரு குழப்பம். "பென்சில்லயும் லெட் இருக்கே சேர், நாங்க கடிக்கிறோமே?" பென்சிலில் ஈயம் இல்லை, அது காரீயகம் என்ற கரி வகை. எனவே தமிழில் லேபல் எழுதப்போகிறவர்கள் அகராதியைப் பார்த்து ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போகக்கூடாது. "காரீயம், நஞ்சு, எரிக்காதே" என்று எழுத வேண்டும். பக்கத்தில் ஒரு படமும் வேண்டும்.

படம் வேலை செய்யும் என்பதற்கு நம்ம நாட்டிலேயே அத்தாட்சி இருக்கிறது. 2016 ஓகஸ்டிலிருந்து குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வட்டம் போடுகிறார்கள். தரம் 1 பிள்ளைகூடச் சிவப்பைக் காட்டி "கூட சீனி" என்கிறது. சிகரெட் பெட்டியில் 80 வீத இடத்துக்கு நோயின் படம் போட வேண்டும் என்று 2015 இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு போத்தலுக்கும் சிகரெட் பெட்டிக்கும் முடிந்தது ஒரு வயர் சுருளுக்கு ஏன் முடியாது?

ஆனாலும் லேபலால் செய்ய முடியாத ஒரு வேலை இருக்கிறது. இந்தப் பதிவில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதைத்தான்.

லேபல் பேசுவது புதுப் பெட்டியைத் திறக்கும் ஆளோடு. அந்த ஆள் பெரும்பாலும் வேறு எங்கோ இருக்கிறார். நம்ம பக்கம் வந்து சேருவது பொருளின் கடைசிக் காலம். பழைய டிவி, பழைய ரேடியோ, பழைய பெற்றரி, இடித்த கட்டடத்தில் பிடுங்கிய வயர். கை மாறி மாறி வரும்போது முதலில் தொலைவது பெட்டி. பெட்டியோடு லேபலும் போய்விடும். ஈயம் மட்டும் பொருளோடேயே கடைசிவரை வரும். அது வெளியே வரும் நேரத்தில், அதாவது உடைக்கும்போதும் எரிக்கும்போதும், பக்கத்தில் வாசிக்க ஒரு வரியும் இருக்காது.

லயத்துக்குப் பின்னால் பின்னேரங்களில் எழும் அந்தக் கறுப்புப் புகையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். செம்பு எடுப்பதற்காக வயரைக் கொளுத்துவார்கள். பெரும்பாலும் பையன்கள். பிளாஸ்டிக் எரிந்து போகும், உள்ளே இருந்த ஈயம் எரிந்து போகாது. அது ஓர் உலோகம், தீயால் அதை அழிக்க முடியாது. கொஞ்சம் புகையோடு பறக்கும், மீதி சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பல் எங்கே போகிறது? காய்கறிப் பாத்திக்கு. லீக்ஸுக்கும் கரட்டுக்கும் அடுப்புச் சாம்பல் போடுவது நம்ம பழக்கம். விறகுச் சாம்பல் நல்லதுதான். அதே அடுப்பில் வயரைக் கொளுத்தியிருந்தால் அது விறகுச் சாம்பல் இல்லை.

செனகல் நாட்டில், டக்கார் நகரத்தின் ஓரத்தில் தியாரோயே என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. அங்கே பழைய வாகன பெற்றரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் வேலை நடந்தது. உலகச் சந்தையில் ஈயத்தின் விலை ஏறியபோது, மண்ணில் கலந்து கிடந்த ஈயத் துணுக்குகளையும் பெண்கள் சலித்து எடுக்கத் தொடங்கினார்கள். பிள்ளைகள் பக்கத்தில் விளையாடின. 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 சிறு பிள்ளைகள் இறந்தார்கள். பிறகு உலக சுகாதார நிறுவனம் போய்ப் பார்த்தபோது, உயிரோடு இருந்த பிள்ளைகளின் இரத்தத்திலும் தாய்மாரின் இரத்தத்திலும் ஈயம் மிக அதிகம். அந்தத் தாய்மார் யாரும் கடைக்குப் போய் ஒரு பெற்றரி வாங்கியவர்கள் இல்லை. எந்த லேபலும் அவர்களை நோக்கி எழுதப்படவில்லை.

நம்ம ஊரில் அந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஈயம் எப்போதும் அப்படிச் சத்தம் போட்டுக்கொண்டு வருவதில்லை. குறைந்த அளவில் உடம்பில் சேரும்போது காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. மூளை வளரும் வயதில் கவனம் குறையும், படிப்பு ஏறாது. இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். யுனிசெப் 2020 இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகத்துப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு, அதாவது 80 கோடி வரை, கவலைப்பட வேண்டிய அளவில் இரத்தத்தில் ஈயம் இருக்கிறது.

வாய் வழியாகப் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் உடம்பு நாலைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சும். இரும்புச் சத்தும் கல்சியமும் குறைந்த பிள்ளை என்றால் இன்னும் கூடும். இந்த இடத்தில்தான் எனக்கு நெஞ்சு பதறுகிறது. 2016 ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர் அளவில் இருந்தார்கள். தோட்டப் பகுதியில் அது 32 பேர் அளவில். ஏற்கெனவே சத்துக் குறைந்த பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குத்தான் இந்தப் புகை வருகிறது. கர்ப்பிணித் தாய்மாருக்கும் இது பொருந்தும். எலும்பில் போய்த் தங்கிய ஈயம், வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வெளியே வந்து பிள்ளைக்கும் போகும்.

வகுப்பில் பின்வரிசையில் எதிலும் மனம் ஒட்டாமல் இருக்கும் பிள்ளைக்கு நாம் சட்டென்று "மக்கு" என்று ஒரு லேபல் ஒட்டிவிடுகிறோம். காரணம் ஆயிரம் இருக்கலாம். பசியாக இருக்கலாம், வீட்டுச் சண்டையாக இருக்கலாம். ஈயம்தான் என்று நான் சொல்லவில்லை, இரத்தப் பரிசோதனை இல்லாமல் யாரும் அப்படிச் சொல்ல முடியாது. அந்தப் பிள்ளையின் மூளைக்குக் கெடுதல் செய்யக்கூடிய ஒன்றையாவது நம் கையால் தடுக்க முடியும் என்றுதான் சொல்கிறேன்.

தடுக்க முடியும் என்பதற்கு நான் கண்ணால் கண்ட ஒரு சாட்சி இருக்கிறது. 90களில் நிறைய லயங்களுக்குக் கரண்ட் இல்லை. டிவி பார்க்க வாகன பெற்றரிதான். என் வாப்பா டவுனில் ஒரு சின்னக் கடை வைத்து பெற்றரி சார்ஜ் போட்டுக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்திலிருந்து சாக்கில் சுற்றி, தோளில் வைத்து, பஸ்ஸில் ஏற்றிக் கொண்டு வருவார்கள். வாப்பா ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஈயம் உடம்பில் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் சொன்ன சில விதிகளை அவர் விடவே இல்லை. சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவாமல் சோற்றில் கை வைக்க விடமாட்டார். கடையில் போடும் சேர்ட் வீட்டுக்குள் வராது. பெற்றரியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் சொல்வார்: "அண்ணே, புள்ளைங்க கைக்கு எட்டாத இடத்தில வைங்க. பழசானா உடைக்காதீங்க, எங்கிட்டயே கொண்டு வாங்க, புதுசுக்கு விலையில கழிச்சுத் தாறேன்."

அந்த மூன்று வசனம்தான் அந்தக் காலத்து லேபல். பெட்டியில் ஒட்டாததால் பெட்டியோடு போகவில்லை. வாங்குகிறவருக்கு விளங்கும் மொழியில் இருந்தது. அதோடு பழைய பெற்றரிக்கு ஒரு விலையும் இருந்ததால், வெறும் புத்திமதியாக நிற்காமல் நடைமுறையானது. இன்றைக்கும் வாகன பெற்றரி பெரும்பாலும் கடைக்கே திரும்பி வருவதற்குக் காரணம் அந்த விலைக் கழிவுதான். வயருக்கும் பல்புக்கும் சார்ஜருக்கும் அப்படித் திரும்பிப் போகும் வழி இல்லை. அதனால் அவை அடுப்புக்குப் போகின்றன.

மேலே இருப்பவர்கள் நினைத்தால் பெரிய வேலையும் நடக்கும். பெற்றோலில் ஈயம் கலந்த காலம் இருந்தது. "ஈயம் உள்ளது" என்று பம்பில் ஒரு லேபல் ஒட்டியிருந்தால் என்ன பயன், வீதியோரப் பிள்ளை மூச்சு விடாமல் இருக்குமா? இலங்கையில் 2002 இல் ஈயப் பெற்றோலை நிறுத்தினார்கள். 2021 இல் உலகமே நிறுத்தி முடித்தது. பெயின்ட் கதையும் அப்படித்தான். சுற்றாடல் நீதிக்கான மையம் என்ற அமைப்பு கடைப் பெயின்ட்டைப் பரிசோதித்து, உயர் நீதிமன்றம் வரை போனது. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை பெயின்ட்டில் ஈயத்துக்கு எல்லை வைத்த கட்டளை 2013 ஜனவரி 1 முதல் அமுலுக்கு வந்தது. அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதில் இதுதான்: நம்ம நாட்டுக்கும் தெரியும். பெற்றோலில் தெரிந்தது, பெயின்ட்டில் தெரிந்தது. வயரிலும் அதே அக்கறை வேண்டும் என்று நாம்தான் கேட்க வேண்டும்.

கேட்டு நடக்கும்வரை சும்மா இருக்க முடியாது. அதனால் நம் கையில் உள்ளதைச் சொல்கிறேன்.

எங்கள் மாணவன் ஒருவன் ஒருநாள் கறுத்த கையோடும் பிளாஸ்டிக் வாடையோடும் வந்தான். விசாரித்தால், "வயர் கொளுத்தினேன் சேர், கொப்பி வாங்கணும்" என்றான். அவனிடம் நஞ்சு, மூளை என்று பாடம் நடத்தி என்ன செய்ய? கொப்பிக்கு யார் காசு தருவது? பழைய இரும்பு எடுக்கும் அண்ணனிடம் இரண்டு பேரும் போய்க் கேட்டோம். அவர் சொன்னார்: "கொளுத்தின செம்பு கறுத்துப் போகும், அதுக்கு விலை கொறச்சல். உரிச்ச செம்பு பளபளன்னு இருக்கும், அதுக்குக் கூடத் தருவேன்." அதைக் கேட்டவுடன் அவன் முகத்தில் வந்த மாற்றம் என் எந்தப் பாடத்துக்கும் வந்ததில்லை. இப்போது கத்தியால் நீளவாக்கில் கீறி உரிக்கிறான். நேரம் கூடுதல், காசும் கூடுதல், புகை இல்லை.

ஆகவே என் தாழ்மையான வேண்டுகோள்கள்:

1. வயரைக் கொளுத்தாதீர்கள், உரித்து விற்கச் சொல்லுங்கள். அதையும் பெரியவர்கள் செய்வது நல்லது. உரித்த பிளாஸ்டிக்கையும் அடுப்பில் போட வேண்டாம். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்.

2. ஏற்கெனவே வயர் எரித்த இடத்துச் சாம்பலைப் பாத்திக்குப் போடாதீர்கள். அந்த இடத்தில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள்.

3. பெற்றரியை வீட்டில் உடைக்காதீர்கள், ஈயத்தை உருக்காதீர்கள். பெற்றரியில் பி, பி என்று இரண்டு ஆங்கில எழுத்தும், குறுக்கே கோடு போட்ட குப்பைத் தொட்டிப் படமும் இருக்கும். பி.பி. என்பது ஈயத்தின் குறியீடு. வீட்டுக் குப்பையில் போடாதே என்பது அந்தப் படத்தின் பொருள். கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

4. சோல்டர் பிடிக்கும் தம்பிமாரே, அந்தப் புகை பெரும்பாலும் பசையின் புகை, அதுவும் நெஞ்சுக்குக் கெடுதல்தான். ஈயம் முக்கியமாக உடம்புக்குள் போவது கையிலிருந்து வாய்க்கு. சோல்டர் கம்பியைப் பல்லால் கடித்துப் பிடிக்க வேண்டாம். அந்த மேசையில் பணிஸ் வைத்துச் சாப்பிட வேண்டாம். சமையல் செய்யும் அறையில் அந்த வேலையே வேண்டாம்.

5. பண்டிகைக்குச் சரம் பல்ப் கட்டும் வேலையைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். கட்டி முடித்ததும் கையைக் கழுவிவிட்டுப் பலகாரத்தைத் தொடுங்கள்.

6. கடைக்கார சகோதரர்களே, பொருளைக் கொடுக்கும்போது ஒரு வசனம் சொல்லுங்கள்: "பழசானா எரிக்காதீங்க." காசு செலவில்லை. முடிந்தால் பழைய சார்ஜர், பல்ப், வயருக்குக் கடை வாசலில் ஒரு பெட்டி வையுங்கள். அதை மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளருக்குக் கொடுக்கலாம்.

7. லேபல் இல்லாத, மொழி விளங்காத சரக்கு என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள். தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பது நம் உரிமை.

8. தவழும் பிள்ளையோ கர்ப்பிணியோ உள்ள வீட்டில் இப்படிப்பட்ட வேலை நடந்திருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். கீரை, முட்டை, பால், நெத்தலி எது முடியுமோ பிள்ளைக்குக் கொடுங்கள். இரும்பும் கல்சியமும் இருக்கும் உடம்பு ஈயத்தைக் குறைவாகத்தான் உள்ளே விடும்.

இந்தப் பதிவை யாரும் எடுத்துப் போடலாம், என் பெயர் தேவையில்லை. போன் இல்லாத வீட்டுக்கு வாயால் சொல்லுங்கள். பிரட்டுக்களத்தில், கோயில் வாசலில், பள்ளிவாசல் முற்றத்தில், கொழுந்து நிறுக்கும் இடத்தில் எங்கு நாலு பேர் நின்றாலும் சொல்லலாம். உங்கள் தோட்டத்தில் எங்கே வயர் எரிக்கிறார்கள், யார் நல்ல விலைக்கு உரித்த செம்பு எடுக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அடுத்த வாரம் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு பட்டியல் போட்டுப் பாடசாலைச் சுவரில் ஒட்டப்போகிறோம். தமிழில், பெரிய எழுத்தில்.